வளைந்த ரேக் கால் மூன்று நாள் மறைந்திருந்தது ஏன்?

வாசகர் கேள்வி: ஒரு பெரிய வேர்ஹவுஸில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். பிக்கிங்கில், அதாவது ஆர்டருக்கு ஏற்ப சரக்கை எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, ஷிஃப்ட் சூப்பர்வைசராகி, ஐந்து மாதம் முன்புதான் மேனேஜர் ஆனேன். இரண்டு ஷிஃப்டிலும் சேர்த்து 64 பேர், அதில் பாதிக்கு மேல் காண்ட்ராக்ட். வேலைச் சூழலை நல்லபடியாக மாற்றுங்கள் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். மாதத்தின் சிறந்த பணியாளர் என்று படம் மாட்டினேன், சுவரில் நல்ல வாசகங்கள் ஒட்டினேன். ஒன்றும் மாறவில்லை. பகல் ஷிஃப்ட் இரவு ஷிஃப்டைக் குறை சொல்கிறது, அவர்கள் இவர்களைச் சொல்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களில் பலர் மூன்று மாதம் தாண்டுவதில்லை. ஒரு ஷிஃப்ட் லீடர் வாயைத் திறந்தாலே திட்டுதான், ஆனால் அவர் இருந்தால் வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிடும். போன வாரம் ஃபோர்க்லிஃப்ட் இடித்து ஒரு ரேக்கின் கால் வளைந்துவிட்டது. ஓட்டியவர் சொல்லவே இல்லை. மூன்று நாள் கழித்து நானாகத்தான் பார்த்தேன். போன வருடம் இதேபோல் இடித்துவிட்டு வந்து சொன்ன ஒருவரை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பினோம். அவ்வளவு கண்டிப்பாக இருந்தும் யாருக்கும் பயமில்லை. அடுத்த மாதம் யார் படத்தைப் போடுவது என்று வேறு கேட்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ரேக். அதன்மேல் இன்னும் சரக்கு இருந்தால் என் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். உடனே போய், அந்தக் கால் தாங்கும் இரண்டு பக்கத்துத் தட்டுகளையும் மேலிருந்து கீழ்வரை காலி செய்யச் சொல்லுங்கள். அந்த வழியில் ஆள் நடக்காதபடி தடுப்பு போடுங்கள். ரேக் கால் என்பது மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்தது. நேராக நிற்கிற வரைக்கும்தான் அதற்குப் பலம். ஐரோப்பியத் தரமான இஎன் 15635 இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. வளைந்த இடத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தை வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். ரேக்கின் நீளவாக்கில் 5 மில்லிமீட்டர், ஆழவாக்கில் 3 மில்லிமீட்டர், அவ்வளவுதான் பொறுக்கலாம். அதன் இரு மடங்கைத் தாண்டினால் உடனே காலி செய்தாக வேண்டும். சுத்தியலால் தட்டி நேராக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், மாற்றத்தான் வேண்டும். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் சொந்த எடையே நான்கு டன் அளவுக்கு வரும். அது லேசாக உரசினாலும் ரேக்குக்கு அது லேசானது அல்ல.

மூன்று நாள் அந்த ரேக்குக்குக் கீழே உங்கள் ஆட்கள் நடந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் அந்த வழியை மூடியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தின் மையம் என்று எனக்குப் படுகிறது. சுவர் வாசகமும் படமும் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

"அவ்வளவு கண்டிப்பாக இருந்தும் யாருக்கும் பயமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பயம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. போன வருடம் தானாக வந்து சொன்னவர் ஒரு வாரக் கூலியை இழந்தார். அன்று வேலையில் இருந்த எல்லோரும் இதைப் பார்த்தார்கள். இடித்தால் தண்டனை என்று நீங்கள் நினைத்துச் செய்தீர்கள். அவர்களுக்குப் புரிந்ததோ, சொன்னால் தண்டனை என்பது. இந்த வருடம் இடித்தவர் அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

நானும் இதே தவற்றைச் செய்தவன். சூப்பர்வைசரான புதிதில், ஒரு பையன் வந்து, "அண்ணா, ரெண்டு பேலட் மாத்தி ஏத்திட்டேன்" என்றான். பேலட் என்பது சரக்கை அடுக்கித் தூக்கும் பலகை. வண்டி இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை. திருப்பிக் கொண்டுவந்து சரி செய்திருக்கலாம், செய்தும் விட்டோம். ஆனால் அவனை எல்லோர் முன்னாலும் வைத்துக் கத்தினேன். அதற்கப்புறம் பல மாதங்கள் என்னிடம் ஒரு தவறும் வரவில்லை. நம் ஷிஃப்ட் நன்றாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். தவறுகள் எல்லாம் வாடிக்கையாளரின் புகாராக, இரண்டு வாரம் தாமதமாக, வேறு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பையன் அன்றைக்கு எவ்வளவு பெரிய உதவி செய்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

மருத்துவமனைகளில் இதை ஆராய்ச்சியாகவே பார்த்திருக்கிறார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் 1990-களில் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் பேசினார்கள். வேர்ஹவுஸுக்கு இது அப்படியே பொருந்தும். எந்தப் புகாரும் வராத ஷிஃப்டைப் பார்த்தால் எனக்கு இப்போது நிம்மதி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

சரி, நாளைக்கு என்ன செய்வது? அந்த ஓட்டுநரைத் தனியாகக் கூப்பிடுங்கள். அலுவலக மேசைக்கு எதிரே உட்கார வைக்க வேண்டாம். அந்த ரேக் இருக்கும் இடத்துக்கே சேர்ந்து நடந்து போங்கள். "ஏன் சொல்லவில்லை?" என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். "அன்றைக்கு இந்தத் திருப்பத்தில் என்ன நடந்தது, எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பேலட் உயரமாக இருந்து பார்வையை மறைத்ததா, வழியில் யாரோ சரக்கை இறக்கி வைத்திருந்தார்களா, வண்டி கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருந்ததா, பின்சக்கரத்தால் திரும்பும் ஃபோர்க்லிஃப்டின் பின்பக்கம் வெளியே வீசித் திரும்ப அந்த வழி போதவில்லையா? நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் என்று சொல்ல என்னிடம் கணக்கில்லை, ஆனால் நான் நடந்து பார்த்த இடங்களில் எல்லாம் ஓட்டியவரின் கவனக்குறைவோடு இன்னும் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருந்தன. அவற்றை நீங்கள் மட்டும்தான் சரி செய்ய முடியும், அவரால் முடியாது.

அப்புறம் இரண்டு ஷிஃப்டிலும் எல்லோரையும் கூட்டி நீங்களே பேசுங்கள். போன வருடம் வந்து சொன்னவரைத் தண்டித்தது தவறு என்று நேராகச் சொல்லுங்கள். அவர் இன்னும் வேலையில் இருந்தால் முதலில் அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் அந்த ஒரு வாரக் கூலியை வாங்கிக் கொடுங்கள். அது கிடைத்தால் நீங்கள் பேசப்போகும் எந்தப் பேச்சையும்விட அது பெரியது. பிறகு விதியைச் சொல்லுங்கள்: அதே ஷிஃப்டுக்குள் வந்து சொன்னால் இடித்ததற்காகத் தண்டனை கிடையாது. குடித்துவிட்டு ஓட்டுவது, வேண்டுமென்றே செய்வது, உரிமம் இல்லாமல் வண்டியை எடுப்பது ஆகியவை இதில் அடங்காது. தெரியாமல் நடந்தது ஒன்று, அவசரத்தில் குறுக்கு வழி போனது இன்னொன்று, அடுத்தவர் உயிரைப் பற்றிக் கவலையே இல்லாமல் நடந்துகொள்வது வேறு. மூன்றையும் ஒரே தராசில் வைத்தால் நேர்மையானவர்தான் முதலில் வாயை மூடுவார்.

ஆனால் ஒன்று. இதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் மேலதிகாரியிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிடுங்கள், எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் வாக்குக் கொடுத்து, மேலே இருந்து ஒருவர் அதை உடைத்தால், அந்த இடத்தில் நம்பிக்கை திரும்ப முளைக்கப் பல வருடம் ஆகும். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

மேலதிகாரி தயங்கினால் ஒரு உதாரணத்தைச் சொல்லலாம். 1987-இல் பால் ஓ'நீல் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபோது, முதலீட்டாளர்கள் முன் பேசிய முதல் பேச்சிலேயே லாபத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். அவர் இருந்த காலத்தில் காயங்களும் பெரிய அளவில் குறைந்தன, நிறுவனமும் நன்றாக வளர்ந்தது. மெக்சிகோவில் இருந்த அவர்களுடைய ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் வாயுவால் பாதிக்கப்பட்டது மேலே தெரிவிக்கப்படாமல் போனபோது, 1996-இல், அவர் பதவியிலிருந்து நீக்கியது ஓர் உயர் அதிகாரியை. மறைப்பதற்குத் தண்டனை உண்டென்றால் அது மேலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடம் இருந்து தொடங்கக் கூடாது.

இனி பகல், இரவுச் சண்டை. இது குணத்தில் உள்ள கோளாறு என்று நினைக்காதீர்கள். இரண்டு ஷிஃப்டும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை, ஒருவர் விட்டுப்போன குப்பையை மட்டும் பார்க்கிறார்கள். பகலில் வந்த சரக்கைப் பாதி அடுக்கி, மீதியை வழியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஏன் விட்டார்கள் என்று இரவில் வருபவருக்குத் தெரியாது. அன்றைக்கு இரண்டு வண்டி தாமதமாக வந்திருக்கலாம், ஸ்கேனர் படுத்திருக்கலாம். காரணம் தெரியாத இடத்தில் மனது தானாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்ளும்: சோம்பேறிகள்.

ஷிஃப்ட் மாறும்போது பதினைந்து நிமிடம் இரண்டு லீடர்களும் ஒன்றாக இருக்கும்படி நேரத்தை மாற்றுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குச் சம்பளம் உண்டு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உட்கார்ந்து பேச வேண்டாம். இறக்கும் இடத்திலிருந்து ஏற்றும் இடம்வரை சேர்ந்து நடக்க வேண்டும். எது முடியவில்லை, ஏன் முடியவில்லை, எங்கே ஆபத்து இருக்கிறது, இந்த மூன்றும் போதும். இதைப் படிவமாக்கினால் ஒரு வாரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்துவிடுவார்கள், நடப்பதுதான் முக்கியம். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று பேரை ஷிஃப்ட் மாற்றிப் போடுங்கள், விருப்பமுள்ளவர்களை மட்டும். ஒரு வாரம் இரவில் நின்று வந்த பகல்காரர் அப்புறம் இரவைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிடும்.

நீங்களும் இரவில் போக வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையாவது, கையில் ஃபைல் இல்லாமல். பெரும்பாலான இரவு ஷிஃப்டுகளில் மேனேஜர் வருவது ஏதாவது நடந்தால்தான். அப்படி இருந்தால் உங்கள் முகமே கெட்ட செய்தியின் அடையாளமாகிவிடும். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும், இது மன உறுதியால் ஜெயிக்கிற விஷயம் இல்லை. ஒருமுறை அந்த நேரத்தில் ரேக்குகளுக்கு நடுவில் நின்று பாருங்கள். உயரத் தட்டில் பேலட் வைப்பது, எண்ணிச் சரிபார்ப்பது போன்ற வேலைகளை இரவின் முன்பகுதிக்கு மாற்றத் தோன்றும்.

டார்கெட் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் பல இடங்களில் ஒரு திரையில் பெயர் வரிசையாக யார் எத்தனை எடுத்தார்கள் என்று ஓடிக்கொண்டிருக்கும். உங்களிடமும் இருந்தால் அந்தப் பெயர் வரிசையை எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. எண்ணிக்கையை அளக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர் போட்டு மேலே கீழே அடுக்கினால், லேசான ஆர்டரை எடுக்கத் தெரிந்தவர் மேலே வருவார். பாரமான பெட்டிகள் இருக்கும் வழி எப்போதும் புதியவர் தலையில் விழும். சரக்கு தவறான இடத்தில் இருப்பதைப் பார்த்தவர் நின்று திருத்த மாட்டார், ஏனென்றால் அந்த இரண்டு நிமிடம் அவர் எண்ணிக்கையில் கழியும். கூட வேலை செய்பவருக்குக் கை கொடுத்தால் நஷ்டம் என்று ஒரு திரை சொல்லிக்கொண்டே இருக்கும்போது, ஒற்றுமையாக இருங்கள் என்று பக்கத்துச் சுவரில் ஒட்டி என்ன பயன்? குழுவின் மொத்த எண்ணிக்கையைக் காட்டுங்கள், கூடவே எத்தனை சரியாகப் போனது என்பதையும் காட்டுங்கள். தனி ஆளின் எண்ணைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பாரமான வழிகளைச் சுழற்சியில் போடுங்கள். யார் எப்போது எந்த வழி என்பது எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். வேர்ஹவுஸில் நியாயம் என்பது முதலில் இடுப்புக்குத்தான் தெரியும். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் சுமை தூக்குவதற்கு வகுத்த சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருக்கும்போதே 23 கிலோதான் உச்சம். உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தாலோ, தரையிலிருந்து எடுத்தாலோ, திரும்பிக்கொண்டே தூக்கினாலோ, அடிக்கடி தூக்கினாலோ அது மளமளவென்று குறையும். அதனால் அதிகம் போகும் பாரமான சரக்கை முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே வையுங்கள். எதை எங்கே மாற்றலாம் என்று எடுப்பவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது அதே வாரத்தில் செய்து காட்டுங்கள். செய்ய முடியாததற்கு ஏன் முடியாது என்று போய்ச் சொல்லுங்கள். ஆலோசனைப் பெட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பதில் வராத பெட்டி மௌனத்தைத்தான் வளர்க்கும்.

புதியவர்கள் போய்விடுகிறார்கள் என்ற கவலைக்கு வருகிறேன். அவர்களுடைய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு ஸ்கேனர், ஒரு ஜாக்கெட், "அவரோட போ" என்று ஒரு வார்த்தை. அந்த "அவர்" தன் எண்ணிக்கையை முடிக்க ஓடிக்கொண்டிருப்பார். சொல்லிக்கொடுத்தால் அவருக்கு அன்று குறையும். முதல் இரண்டு வாரம் சொல்லிக்கொடுப்பவரின் டார்கெட்டைக் குறைத்து, அதை வெளிப்படையாக அறிவியுங்கள். சொல்லிக்கொடுக்கப் பொறுமை உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள், வேகமானவரை அல்ல. மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் நீங்களே ஐந்து நிமிடம் பேசுங்கள். "இங்கே எது புரியவில்லை, எது பயமாக இருக்கிறது" என்று கேளுங்கள். புதிய கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள் பழகிய கண்ணுக்குத் தெரியாது. அந்த ஐந்து நிமிடத்தில் உங்களுக்கே லாபம் அதிகம்.

பாதிக்கு மேல் காண்ட்ராக்ட் என்றீர்கள். அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "ஏய், காண்ட்ராக்ட், இங்க வா" என்று கூப்பிடும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து மாதம் பக்கத்தில் நின்று வேலை செய்தவரின் பெயர் தெரியாது. சம்பளமும் ஒப்பந்தமும் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பெயர், காலைக் கூட்டத்தில் இடம், அதே ஓய்வறை, அதே பூட்டும் பெட்டி, கிழியாத கையுறை, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டாத மரியாதை, இவை எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கின்றன. யாரும் இதைச் சிறிய விஷயம் என்று சொல்லிவிடாதபடி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திட்டுகிற அந்த ஷிஃப்ட் லீடர். இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப் போகிறது. அவரை இப்படியே விட்டுவிட்டு மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. நீங்கள் கூட்டத்தில் ஒன்று சொல்வீர்கள், அவர் தளத்தில் வேறொன்று செய்வார். ஆட்கள் தளத்தில் நடப்பதைத்தான் நம்புவார்கள். வண்டி நேரத்துக்குக் கிளம்புவது அவருடைய திட்டினால்தானா என்று முதலில் பாருங்கள். எந்த வண்டிக்கு எதை முதலில் அடுக்க வேண்டும், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படியாக இருக்கும், அந்த அறிவுதான் வண்டியைக் கிளப்புகிறது. அதை அவரிடமே சொல்லுங்கள். அவர் திறமையை மதிக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும், அந்த வாய் இனி ஆகாது என்பதும் அதே அளவுக்குத் தெரிய வேண்டும். எந்த நாள், யாரிடம், என்ன வார்த்தை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னால் பொதுவாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மாறுவதற்கு ஒரு காலம் கொடுத்து, வாராவாரம் கூட உட்காருங்கள். அவரையும் இப்படித் திட்டித்தான் யாரோ வளர்த்திருப்பார்கள், வேறு வழி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலம் முடிந்தும் மாறவில்லை என்றால் ஆட்கள் மேல் அவருக்கு அதிகாரம் இல்லாத வேறு பொறுப்புக்கு மாற்றுங்கள். சில வண்டிகள் தாமதமாகலாம், அதை முன்கூட்டியே மேலே சொல்லி வையுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 190-ஆம் உடன்படிக்கை, 2019-இல் ஏற்கப்பட்டது, வேலையிடத்து வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரானது. ஒப்பந்தம் எப்படிப்பட்டதானாலும், பயிற்சியில் இருப்பவரானாலும், அந்தப் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. அவர் அதிகம் திட்டுவது யாரை என்று பாருங்கள். எதிர்த்துப் பேச முடியாதவர்களைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலிடத்துக்கு நீங்கள் அறிக்கை கொடுக்க வேண்டியிருக்கும். மூன்று எண்கள் போதும்: சேர்ந்து 90 நாளுக்குள் விட்டுப்போனவர்கள், தவறாகப் போன சரக்கு, தானாக வந்து சொல்லப்பட்ட இடிப்புகளும் நூலிழையில் தப்பிய விபத்துகளும். மூன்றாவது எண் முதல் சில மாதம் ஏறும். ஏறும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், நீங்கள் வந்த பிறகு விபத்து கூடிவிட்டது என்று யாராவது சொல்வார்கள், நீங்களும் பதறிப்போய்ப் பழைய வழிக்குத் திரும்பிவிடுவீர்கள்.

கடைசியாக அந்தப் படப் பலகை. 64 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மீதி 63 பேருக்கு ஏன் தாங்கள் இல்லை என்ற கேள்வி வரும். யார் தேர்ந்தெடுத்தார்கள், எதை வைத்து என்று யாருக்கும் தெரியாவிட்டால் இன்னும் மோசம். அதனால் அடுத்த மாதம் யார் படமும் வேண்டாம். பலகையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் யாராவது வந்து சொன்னதால் மாறிய ஒன்றை அதில் ஒட்டுங்கள்: இடிந்த மூலையில் புதிதாக வைத்த இரும்புத் தடுப்பு, இடம் மாற்றிய பாரச் சரக்கு, எரியாமல் கிடந்து இப்போது எரிகிற விளக்கு. கீழே ஒரு வரியில் எது மாறியது, என்றைக்கு என்று எழுதுங்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுங்கள். கேட்காமல் போட வேண்டாம்.